மூக்குத்தி 1, தோடு 1 ஜோடி: கோலார் தங்கவயலில் எங்கள் பெந்தெகொஸ்தே சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூப்பர் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் சபை மலர்க் குழுவுக்கும்,

போன சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஆராதனைக்காக ஆலயத்தைப் பெருக்கப் போனேன். வெளித் திண்ணையில் பழைய பேப்பர்காரரின் தராசு இருந்தது. பக்கத்தில் ஒரு உரச் சாக்கு. இன்னொரு சாக்கு அதற்குள் வண்டியில் ஏறியிருந்தது. பின்னறையில் எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் பூட்டிக் கிடந்த தகரப் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு ரசகற்பூர உருண்டையும் கரப்பான் எச்சமும் தவிர ஒன்றும் இல்லை. திண்ணையில் இருந்த சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். மேலாக இருந்தது நம் ஞானஸ்நானப் பதிவேடு.

விசாரித்தபோது, "புது ஆலய வேலை ஆரம்பிக்கிறோம் சிஸ்டர், பழைய குப்பையை எல்லாம் காலி பண்ணச் சொன்னார்கள்" என்று பதில் வந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பேப்பர்காரரிடம் 130 ரூபாய் கொடுத்து அந்த ஒரு சாக்கை மட்டும் திரும்ப வாங்கினேன். மற்றது எங்கே என்று திங்கட்கிழமை அவர் கடைக்கே போய்க் கேட்டேன். லோடு பெங்களூருக்குப் போய்விட்டது என்றார்.

அதற்கு நாலு நாள் முன்னால்தான் சபை மலரின் வரலாற்றுப் பக்கத்தை என்னிடம் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுப்பவள், தமிழ் சுத்தமாக எழுதுவாள் என்று நம்பிக் கொடுத்தீர்கள். பெங்களூர் போகும் காலை ரயிலில் உட்கார்ந்து திருத்தினேன். ஒற்றுப்பிழைகளை எல்லாம் சரிசெய்துவிட்டேன். மிச்சம் இருப்பது பேனாவால் திருத்தக்கூடிய பிழை இல்லை. நேரில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், "அப்புறம் பேசலாம்" என்றீர்கள். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இது. தங்கவயல் இருளில் கிடந்தது. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அப்போது இன்றைய பாஸ்டர் ஐயாவின் தகப்பனார் தரிசனம் பெற்று இங்கே வந்தார், தனி மனிதராகச் சபையை நாட்டினார், ஆலயம் கட்டினார், ஆத்துமாக்கள் பெருகினார்கள். அவருக்குப் பின் மகன். இனி புது ஆலயம். ஒரு பக்கத்தில் அவர்கள் குடும்பத்தின் படம் ஏழு. "சுரங்கம்" என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. தங்கவயலில் ஒரு சபையின் கதையைச் சுரங்கம் இல்லாமல் எழுத முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

பெரிய பாஸ்டர் ஐயாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். என் அப்பா இருமி இருமிப் படுத்துக் கிடந்த மாதங்களில் தினமும் மாரிக்குப்பத்தில் இருந்து சைக்கிளில் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தவர். ஆனால் அவர் வந்தபோது இங்கே சபை இருந்தது. அவரே அதைப் பல முறை மேடையில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: "நான் விதைக்க வரல, அறுக்கத்தான் வந்தேன், விதைச்சது அம்மாமார்" என்பார். மகன் காலத்து மலர் அந்த அம்மாமாரைத் துடைத்துவிட்டது.

யார் அந்த அம்மாமார்? என் பாட்டி ஒருத்தி. குடியாத்தம் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி சாம்பியன் ரீப் லைனுக்கு, அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்தவள். தாத்தாவுக்கு அண்டர்கிரவுண்டு வேலை. ஒற்றை அறை, தட்டி மறைப்பு, கூரைக்குத் தகரம். தாத்தா நைட் ஷிஃப்டுக்கு இறங்கினால் பாட்டிக்குத் தூக்கம் கிடையாது. எதற்கு என்று தங்கவயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏர் பிளாஸ்ட். பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். மேலே லைனில் பாத்திரம் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். உடனே பொம்பளைகள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷாஃப்டை, ஆளை இறக்கி ஏற்றும் குழி வாயை, பார்க்க ஓடுவார்கள், யாரை மேலே கொண்டுவருகிறார்கள் என்று. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போன சுரங்கம். அவ்வளவு கீழே என்ன நடந்தாலும் மேலே செய்தி வர நேரமாகும். அந்த நேரத்தைத்தான் அவர்கள் ஜெபமாக ஆக்கினார்கள்.

நைட் ஷிஃப்டுக்குப் புருஷனை அனுப்பிய பெண்கள் ஒரு வீட்டில் கூடிச் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு விடியற்காலைச் சங்கு ஊதும் வரை ஜெபித்தது, அதுதான் நம் சபை. முழு இரவு ஜெபம் என்று இன்று நாம் மாதத்துக்கு ஒரு நாள் போஸ்டர் ஒட்டி வைக்கிறோமே, அது அவர்களுக்கு வாரத்துக்கு ஆறு நாள். ஷிஃப்ட் மாறினால் ஜெபிக்கும் ஆளும் மாறும்.

வெளியிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தது உண்மை. பெங்களூர்ப் பக்கம் இருந்து நடந்தே வந்தவராம். அரைகுறைத் தமிழ் பேசினாராம். மூன்று நாள் தங்கினார், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைப் பற்றிச் சொன்னார், போய்விட்டார். பேர்கூடப் பாட்டிக்குத் தெரியாது, "சட்டை போட்ட சாமியார்" என்றுதான் சொல்வாள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அப்படிப் பலர் நடமாடியிருக்கிறார்கள். அமெரிக்க மிஷனரி ராபர்ட் குக் 1913இல் வந்து இறங்கியதும் முதலில் பெங்களூரில்தான், பிறகுதான் திருவிதாங்கூர் போனார். நம் ஊருக்கு வந்தவர் யார் என்று எனக்கு ஆராய்ச்சி இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் போன பிறகு நாலாம் நாள் என்ன நடந்தது என்பது. நாலாம் நாளும் விளக்கு எரிந்தது.

அடுத்தது நகை. இதை நான் சாக்கில் இருந்து எடுத்த நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீளமான கணக்கு நோட்டு, அட்டை போய்விட்டது, முதுகில் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். தாள் பழுப்பாகி ஓரம் நொறுங்குகிறது. கையெழுத்து ஒன்றே ஒன்றுதான், முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை, ஒவ்வொரு எழுத்தையும் அமுக்கி அமுக்கி, அடுத்த தாளில் தடம் விழும்படி. "மூக்குத்தி 1. தோடு 1 ஜோடி." அதற்குக் கீழே, "கொலுசு வெள்ளி 1 ஜோடி. அரிசி 2 படி." அதற்கும் கீழே, "தோடு 1 (ஒத்தை)." ஒற்றைத் தோட்டை யார் கொடுத்திருப்பார்கள்? ஒன்றைத் தொலைத்தவளா, ஒன்றை ஏற்கெனவே அடகு வைத்தவளா என்று நான் இரண்டு ராத்திரியாக யோசிக்கிறேன். பக்கத்தின் அடியில் கூட்டல். அதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய், "தகரம் வாங்கின வகையில்" என்று கழித்திருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் இடிக்கப்போகும் பழைய கூடத்தின் தகரம் அதுதான்.

பெந்தெகொஸ்தேக்காரர்கள் நகை போடமாட்டார்கள் என்று ஊரே கேலி பேசியிருக்கிறது, எந்த ஊரிலும் பேசும். ஆனால் தங்கவயலில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. புருஷன் உயிரைப் பணயம் வைத்து தங்கம் வெட்டுகிறான், அந்தத் தங்கம் கப்பல் ஏறிப் போகிறது, வீட்டில் இருப்பது சீர்வரிசையாக வந்த ஒரு பொட்டு மூக்குத்தி. அதையும் கழற்றிக் கொடுத்தாள் பாட்டி. கடைசி வரை அவள் மூக்கில் அந்த ஓட்டை தூர்ந்து போகாமல் இருந்தது. சின்ன வயதில் நான் அதில் ஈர்க்குச்சியை விட்டு விளையாடுவேன். எங்கள் மலரின் முதல் பக்கத்தில் ஒரு படம் போட வேண்டும் என்றால் அந்த மூக்கைத்தான் போட வேண்டும், படம்தான் இல்லை.

சரி, இந்தக் கணக்கை எழுதியது யார்? அதுவும் எனக்குத் தெரியும், ஏனென்றால் பாட்டி சொல்லியிருக்கிறாள். எங்கள் லைனில் நாலு எழுத்து தெரிந்த ஒரே பெண் அவள் தோழி. எழுத்து கற்றுக்கொடுத்தது சபைக்காரர் இல்லை, அடுத்த லைனில் இருந்த பௌத்தத் தாத்தா. இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் இதுவும் நம் வரலாறுதான். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் மறைவுக்குப் பின் நின்றுபோன அவருடைய 'தமிழன்' பத்திரிகையை 1926இல் அந்தச் சங்கத்து அப்பாதுரையார் இங்கே இருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். அதே லைன்கள், அதே வடாற்காட்டுச் சனங்கள், அதே சாதி. அவர்கள் அச்சுக்கூடம் வைத்து எழுதினார்கள். இன்று யார் வேண்டுமானாலும் அவர்கள் என்ன நினைத்தார்கள், என்ன சண்டை போட்டார்கள் என்று எடுத்துப் படிக்கலாம். அதே தெருவில் அதே வருஷங்களில் வாழ்ந்த நம் ஆட்களைப் பற்றி இருந்தது ஒரு தகரப் பெட்டி.

நம் ஆட்கள் ஏன் எழுதி வைக்கவில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். படிப்பு இல்லை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் விசுவாசம். ஆண்டவர் சீக்கிரம் வருகிறார் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். நாளை எக்காளம் ஊதும் என்று இருக்கிறவன் நூறு வருஷத்துக்குப் பிறகு படிக்கப்போகும் பேத்திக்காகப் பதிவேடு எழுதமாட்டான். அந்த நம்பிக்கையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் நடுவிலும் ஒருத்தி உட்கார்ந்து மூக்குத்தியை எண்ணி எழுதியிருக்கிறாள் என்றால், அந்தத் தாளின் மதிப்பை நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மலரின் இரண்டாம் பத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அமெரிக்காவில் 1906இல் பற்றிய அக்கினி வெள்ளைக்கார மிஷனரிகள் மூலம் இந்தியா வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பாதிதான். புனேவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் எழுப்புதல் வந்தது 1905இல். அங்கே இருந்தவர்கள் விதவைகள், பஞ்சத்தில் தப்பி வந்த அநாதைப் பெண்கள். நடுராத்திரியில் ஒரு பெண் தன்மேல் நெருப்பு இறங்கியதாகச் சொல்லி எழுந்தபோது, பக்கத்தில் இருந்தவள் நிஜ நெருப்பு என்று நினைத்துத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்கள். அதற்கும் முன்னால், 1860இல், நம் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் ஊழியக்காரரின் சபைகளில் அந்நிய பாஷையும் (ஆவியில் நிறைந்து, கற்காத மொழியில் பேசுவது) தீர்க்கதரிசனமும் உண்டாகியிருக்கிறது. அமெரிக்காவுக்கு 46 வருஷம் முன்னால். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, வேதாகமக் கல்லூரியில் படித்த நம் வாலிபர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அமெரிக்காவைச் சொல்வதென்றாலும் முழுசாகச் சொல்லுங்கள். அந்த 1906 அக்கினி பற்றிய லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூடத்தை நடத்தியவர் வெள்ளைக்காரர் இல்லை. வில்லியம் சீமோர், அடிமையாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பர், ஒரு கண் தெரியாதவர். ஹூஸ்டனில் வேதபாட வகுப்பு நடந்தபோது நிறச் சட்டத்தால் உள்ளே உட்கார விடாமல், அறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்து கதவு வழியாகக் கேட்டவர். நம் தாத்தாமார் எந்த எந்தக் கோயிலுக்கு வெளியே நின்றார்கள் என்று தெரிந்த நமக்கு இந்த ஒரு வரி போதாதா? அவர் பேர் நம் மலரில் இல்லை. குதிரை லாயமாகவும் கிடங்காகவும் கிடந்த கட்டடத்தில் செருப்புப் பெட்டிகளை அடுக்கிப் பிரசங்க பீடம் வைத்தார்கள். உலகம் முழுவதிலும் இருந்து ஆள் வந்த அந்தக் கூடம் என்ன ஆனது? அவர்கள் நடத்திய பத்திரிகையின் சந்தாதாரர் முகவரிப் பட்டியல் வேறு ஊருக்குப் போனது. அதோடு கடிதமும் காணிக்கையும் நின்றன. சீமோர் 1922இல் இறந்தார். 1931இல் கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்று போய் நின்றால் ஒரு பலகையைத்தான் படிக்கலாம். ஒரு முகவரிப் பட்டியல் போனதற்கே அந்தப் பாடு. நம்முடையது முழுச் சாக்கு.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மலர் நெடுக "எண்ணற்ற அற்புத சுகங்கள்" என்று இருக்கிறது. சுகங்கள் நடந்தது உண்மை, நானே சாட்சி. ஆனால் என் அப்பா சுகமாகவில்லை. கல் தூசி நுரையீரலில் படிந்து, கடைசி ஒரு வருஷம் தலையணை நாலு அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். சபை முழுக்க உபவாசம் இருந்தது. அப்பா போனார். அவரைப் போல எங்கள் சபையில் சுரங்க நெஞ்சோடு போன ஆண்களை விரல் விட்டு எண்ண முடியாது. அந்தத் தகரப் பெட்டியில் அடக்க ஆராதனைப் பதிவு இருந்ததாம், வயதோடு. 42, 47, 39 என்று. அது காப்பாற்றப்பட்ட சாக்கில் இருக்கிறதா என்று இரண்டு ராத்திரி தேடினேன். இல்லை. அந்தச் சபை, கேட்டது கிடைக்காத பிறகும் அடுத்த ஞாயிறு வந்து கைதட்டிப் பாடியது. எனக்குத் தெரிந்த பெரிய அற்புதம் அதுதான். மலரில் அதற்கு ஒரு வரி இடம் இருந்திருக்கக் கூடாதா?

2001 பிப்ரவரி 28 என்ற தேதியும் அந்தப் பக்கத்தில் இல்லை. சுரங்கம் மூடிய நாள். அன்றைக்கு இந்த ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் இங்கே பிறந்தவர்கள்தானே. அடுத்த இரண்டு வருஷத்தில் நம் சபையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்தார்கள். மிஞ்சிய ஆண்கள் விடியுமுன் பெங்களூர் ரயில் ஏறி ராத்திரி வந்தார்கள், இப்போது நானும் அப்படித்தான். மூப்பர் குழு என்று ஒன்றே இருக்கவில்லை. கரண்ட் பில் கட்ட ஆளில்லாமல் கூடம் மூன்று மாதம் இருட்டில் கிடந்தது. அப்போது யார் சாவியை வைத்திருந்தார்கள்? பாட்டியின் தோழிகளில் மிச்சம் இருந்த நாலு விதவைகள். சுண்டல் விற்றவள் ஒருத்தி, பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் இரண்டு பேர், ஒருத்திக்குக் கண் பார்வை இல்லை. சிம்னி விளக்கை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு அந்த நாலு பேர் புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்தாமல் நடத்தினார்கள். அதில் ஒருவர் இன்றும் இருக்கிறார், பின்வரிசைச் சுவரோரப் பாயில். மலருக்காக அவரிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது ஒரு மூப்பர் ஐயா என்னிடம், "மனுஷருக்கு மகிமை வேண்டாம் சிஸ்டர், தேவன் நாமம் மட்டும் விளங்கட்டும்" என்றார். ஆமென் என்றேன். அப்படியானால் அந்த ஏழு படங்களையும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது வாய் வரவில்லை, இப்போது கேட்கிறேன்.

பெண்கள் பிரசங்கம் பண்ணக்கூடாது என்பது நம் சபையில் ஆதியில் இருந்தே வழக்கம் என்றும் மலரில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அது தவறு. பாட்டி பிரசங்கம் பண்ணியிருக்கிறாள், நோட்டில் "இன்று செய்தி" என்று போட்டு அவள் பேர் ஒன்பது இடத்தில் இருக்கிறது. என்ன மாறியது என்றால், மேடை வந்தது. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்த காலத்தில் யார் எழுந்தாலும் அதுதான் பிரசங்க பீடம். சிமெண்ட் மேடை கட்டி மைக் வைத்த பிறகு, மேலே ஏற ஆம்பளை, கீழே சாட்சி சொல்லப் பொம்பளை என்று ஆகிவிட்டது. இது சரியா தவறா என்று இந்த மடலில் நான் வாதாட வரவில்லை. ஆதியில் இருந்தே இப்படித்தான் என்று மட்டும் அச்சில் போடாதீர்கள்.

புது ஆலயத்துக்கு நான் எதிரி இல்லை. பழைய கூடம் ஒழுகுகிறது, மழை வந்தால் நாங்கள்தான் வாளி வைக்கிறோம். கட்டட நிதிக்கு என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தவள் நான். ஆனால் அந்தக் கூடத்தைத் தாங்கி நிற்கும் நாலு மரத் தூண்களை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சுரங்கத்துக்குள் பாறைக்கு முட்டுக் கொடுத்து, தேய்ந்த பிறகு கழித்துப் போட்ட கட்டைகள் அவை. தாத்தாவும் கூட்டாளிகளும் விலைக்கு எடுத்துத் தோளில் சுமந்து வந்தார்கள். ஒன்றில் இன்னும் ஆணி அடித்த நம்பர்த் தகடு இருக்கிறது. அதைக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று விறகுக்குப் போடப் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன்.

மலரின் வரலாற்றுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, அறுபது வயதுக்கு மேற்பட்ட விசுவாசிகள் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள். சுவரோரப் பாயில் இருக்கும் அந்த அம்மாவிடம் முதலில் போங்கள், அவருக்கு உடம்பு முடியவில்லை. அதை வைத்துப் பக்கத்தை மறுபடி எழுதுங்கள். பெரிய பாஸ்டர் ஐயாவின் ஊழியம் அதில் கட்டாயம் இருக்கட்டும், அவர் வந்த இடத்தில் இருந்து இருக்கட்டும். லைன் வீட்டுப் பெண்கள், சுரங்கம், 2001, இவையும் இருக்கட்டும். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், பேர் போட வேண்டாம்.

பழைய கூடத்தை இடிக்கும் முன் அளந்து, உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். நம்பர்த் தகடு உள்ள தூணையும், தகரத்தில் ஓர் ஏட்டையும் புது ஆலயத்தின் உள்ளே வைக்க இடம் ஒதுக்குங்கள். இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடந்ததன் நினைவாக அதிலிருந்து பன்னிரண்டு கல்லை எடுத்து வைத்ததைப் பற்றி வருஷா வருஷம் பிரசங்கம் கேட்கிறோம், நமக்கு இரண்டு பொருள் போதும். அடிக்கல்லில் பாஸ்டர் குடும்பத்தின் பேருக்கு முன்னால் "லைன் வீடுகளில் விழித்திருந்த பெண்களால் தொடங்கப்பட்டது" என்று ஒரு வரி வெட்டச் சொல்லுங்கள்.

போன சாக்குக்கு யார் பொறுப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் இனிமேல் சபையின் எந்தப் பதிவேட்டையும் மூப்பர் குழுவின் எழுத்துப்பூர்வமான தீர்மானம் இல்லாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மீட்ட பதிவேடுகளைப் படம் எடுத்து மூன்று பேரிடம் பிரதி இருக்கும்படி செய்யுங்கள், அந்த மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். வெளியூர் போன குடும்பங்களுக்கும் சொல்லி விடுங்கள். பேத்தமங்கலம் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்த பழைய போட்டோக்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சாக்கைக் கொண்டுவந்து ஓய்வுநாள் பள்ளி அறையில் மேசைமேல் விரித்து வைக்கிறேன். மூப்பர் ஐயாமார் ஏழு பேரும் வந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள், தாள் ஈரம் தாங்காது. மூக்குத்திப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பழைய ரயில் டிக்கெட்டைச் சொருகி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சாம்பியன் ரீப் லைனில் பிறந்த, உங்கள் சபை விசுவாசி ஒருத்தி